இடைவெளிக்கு ஓர் அளவுகோல்

புவெர்த்தோ செய்பாலில் ஆற்றுநிரல் வாரியத்தின் மினிட் புத்தகத்தை எழுதுகிறவள் நான்தான். பதினேழு வருஷமாக எழுதுகிறேன். இதுவரை அதை ஒருவரும் படித்ததில்லை. மனத்தாங்கலில் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தே சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, எம்பனாடா என்கிற கறிச் சோமாசி சுடுவதற்கு வாங்க வேண்டிய சாமான்களைத் தீர்மானம் எண் 88 என்று தலைப்பிட்டு எழுதினேன். இரண்டு கிலோ மாவு, ஒரு டஜன் முட்டை, கொத்துக்கறி, பச்சை ஆலிவ், சீரகம். உறுப்பினர்கள் மூவரும் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார்கள். அந்தத் தீர்மானம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

எங்கள் வாரியம் உருகுவே ஆற்றங்கரையில், பழைய சுங்கக் கட்டடத்தில் இருக்கிறது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு ஒன்று எங்கள் பொறுப்பு. பெயர் கமலோத்தே. வெள்ளத்தோடு மிதந்து வருகிற ஆகாயத்தாமரைக்கு இங்கே அதுதான் பெயர். கரையோர ஊர்களின் கம்ப்யூட்டர்கள் ஆற்றின் நீர்மட்டத்தைக் கேட்டு வாங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்தது. அதில் 'உயரம்' என்று ஒரு செயற்கூறு. அளவு நிலையத்தின் பெயரைக் கொடுத்தால், அங்கே தண்ணீர் எத்தனை மீட்டர் என்று சொல்லும். ஒற்றைப் பெயரைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், நாலு பெயரைப் பட்டியலாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். யார் எப்படிக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தத் தாராளம்தான் வாரியத்துக்குப் பொறுக்கவில்லை. அதற்காக ஒரு குழு அமைத்தார்கள். 'நெகிழ்வுள்ள உள்ளீடுகளுக்கான வகைக்குறிப்பு நிரந்தரக் குழு' என்று பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாக இருந்ததால் வாசலை இடித்து அகலப்படுத்தினோம்.

வகைக்குறிப்பு என்றால் பெரிய விஷயமொன்றும் இல்லை. சமையலறை டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டுகிறோமே, அந்தச் சீட்டுதான். இந்தச் செயற்கூறுக்கு இன்ன வகைப் பொருளைக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் எழுதி வைப்பது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் உதவி. சீட்டும் உள்ளே இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு சரிபார்ப்பான் உண்டு. பொருந்தினால் திரையில் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. ஆனால் நிரல் ஓடும்போது பைத்தான் அந்தச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த ஒரு சங்கதியை மட்டும் எங்கள் குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

குழுவின் தலைவர் இன்ஜினியர் பெலிசாரியோ லார்ரால்தே. அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அடுத்தவர் டாக்டர் ஸ்டாங் அம்மாள், வகைத் தூய்மையில் நெருப்பு. மூன்றாமவர் வில்யால்பா. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து 'வழிமொழிகிறேன்' என்பதைத் தவிர வேறு சொல் வந்து நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் மாத்தே என்கிற இலைத் தேநீர் ஊற்றுவதும் என் வேலைதான். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். நான் வெந்நீர் ஊற்றித் தருவேன். வாங்கியவர் முழுக்கக் குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அடுத்தவருக்கு ஊற்ற வேண்டுமே. குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறவரிடம் 'அது மைக் இல்லை' என்று சொல்வது எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். இன்ஜினியர் லார்ரால்தே குடுவையைப் பிடித்தால் நாற்பது நிமிஷம் பேசுவார். பதினேழு வருஷத்தில் அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மற்ற இருவரும் ஆறிப்போன வெந்நீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குழுவின் முதல் சாதனை தீர்மானம் எண் 131. 'உயரம்' செயற்கூறுக்கு 'பெயர்களின் வரிசை' என்று சீட்டு ஒட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. 'ஒற்றைப் பெயர் வந்தால் அதைப் பட்டியலாக்கிக்கொள்' என்று உள்ளே ஒரு வரி இருந்தது. வரிசை என்று சீட்டே சொன்னபிறகு ஒற்றைப் பெயர் எப்படி வரும், இது கூறியது கூறல் என்று அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு ஆட்டுக்கறி சுட்டுக் கொண்டாடினோம். நானும் சாப்பிட்டேன், மறைப்பானேன்.

இனி டெல்ஃபோர் குஸ்மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். ஒல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெள்ளம் வந்து வடிந்தால் தாழ்ந்த தெருக்களில் உள்ள அத்தனை ஃப்ரிட்ஜும் அவரிடம்தான் வரும். ஆக, வெள்ளத்தால் லாபமடையக்கூடிய ஒரே ஆள் அவர். வெள்ள எச்சரிக்கைக்காக நாயாய் அலைந்த ஒரே ஆளும் அவர்தான். மேட்டிலுள்ள தன்னார்வத் தீயணைப்புப் படைக் கட்டடத்தின் கூரையில் ஒரு சைரன் உண்டு. அதோடு இணைத்த சிறிய பெட்டிக்கான நிரலை டெல்ஃபோர் தானாகவே பைத்தான் கற்று எழுதினார். மேலே பாஸோ ஓன்டோவில் உள்ள அளவு நிலையத்தில் தண்ணீர் ஏழு மீட்டரைத் தாண்டினால் சைரன் அடிக்கும். அங்கே ஏறுகிற தண்ணீர் இங்கே வந்துசேர எட்டு மணி நேரமாகும். ஆற்றோரத்தில் அறுபத்துமூன்று குடும்பங்கள். மூட்டை கட்ட எட்டு மணி நேரம் தாராளம்.

நிரல் நன்றாக வேலை செய்தது. எனவே வாரியம் அதை ஏற்றுக்கொண்டு பெட்டிக்கு ஈய முத்திரை வைத்தது. தீர்மானம் இல்லாமல் ஒருவரும் திறக்கக்கூடாது. கையால் சைரன் அடிக்க ஒரு பொத்தான் இருந்தது. மனித விரலுக்கு வகைக்குறிப்பு கிடையாது என்று அதையும் பிடுங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வியாழனும் விடியற்காலையில், பெட்டிக்குள் இருக்கிற நிரலெல்லாம் அழிந்து, வாரியத்தில் உள்ள பிரதி புதிதாக இறங்கும்.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபோர் படித்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நாலாவது படியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூட்ஸுக்குள் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் திரையைப் பார்த்தார். 'ஆபத்து இல்லை' என்று பச்சையில் எழுதியிருந்தது. அந்த முறை தண்ணீர் தானாக வடிந்துவிட்டது. ஆனால் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் எங்கள் அகலமான வாசல் வழியாக உள்ளே வந்தார்.

"இன்ஜினியர், ஒரே ஒரு வரிதான். நீங்க எடுத்ததைத் திருப்பி வெச்சுடுங்க, நான் போயிடறேன்" என்றார்.

"எந்த வரி?"

"ஒத்தப் பேரு வந்தா பட்டியலாக்கிக்கோன்னு இருந்துச்சே, அது. அது இல்லாம என் நிரல் 'பாஸோ ஓன்டோ'ன்னு கேட்டா, உங்க செயற்கூறு அதை ஒரு ஊர்ப்பேரா எடுத்துக்க மாட்டேங்குது. எழுத்து எழுத்தாப் பிச்சு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிலையம்னு நினைச்சுக்குது. பி-ன்னு ஒரு நிலையம், ஏ-ன்னு ஒரு நிலையம், எஸ், ஓ. நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்ல, அதையும் ஒரு நிலையம்ங்குது. ஓன்டோவுக்கு முன்னாடி வாயில வராத ஹெச்சையும் சேத்து மொத்தம் பத்து. பத்துலயும் தண்ணி எவ்வளவுன்னு கேட்டு, ஒண்ணுலயும் பதில் வரலேன்னதும் ஆபத்து இல்லேன்னு சொல்லிட்டுத் தூங்கிடுது."

டாக்டர் ஸ்டாங் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குஸ்மான், நீங்க கேக்கறது என்னன்னு உங்களுக்கே தெரியுதா? 'பெயர் அல்லது பட்டியல்'னு சீட்டை மாத்தச் சொல்றீங்க. அந்த 'அல்லது' ஒரு தடவை வீட்டுக்குள்ள வந்துட்டா அப்புறம் வீடு வீடா இருக்காது. இன்னிக்குப் பெயர் அல்லது பட்டியல். நாளைக்குப் பட்டியல் அல்லது ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நாங்க கதவைத் திறந்துவிடணுமா?"

"எனக்குச் சீட்டு வேணாம் டாக்டர். வரி வேணும்."

"வரி எங்க துறை இல்லை" என்றார் லார்ரால்தே. குடுவை அவர் கையில் இருந்தது. "நாங்க குறிப்பு எழுதறவங்க. ஓடறது, நிக்கறது, மூழ்கறது இதெல்லாம் வேற ஆளுங்க வேலை. ஆனா எங்க குறிப்பு இல்லாம ஒரு வரியும் உள்ள போகக்கூடாது. இதுல ஏதாவது சிக்கல் தெரியுதா உங்களுக்கு? எனக்குத் தெரியலை."

"வழிமொழிகிறேன்" என்றார் வில்யால்பா.

டெல்ஃபோருக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒரு மனிதன் நிலையத்தின் பெயரை எந்தெந்த வடிவங்களில் சொல்லக்கூடும் என்று வடிவத்துக்கு ஒரு தாளாக, மும்மூன்று பிரதிகள் நிரப்ப வேண்டும். ஒற்றைப் பெயர், பட்டியல், பூட்டிய பட்டியல், வரிசையில்லாத கூட்டம், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வருவது, பெயருக்குப் பதில் எண், பெயரே இல்லாதது என்று பதினான்கு தாள்கள். முதல் தாளில் 'நிலையத்தை எவ்வாறு குறிப்பிடுவீர்கள்?' என்ற கேள்விக்கு டெல்ஃபோர் 'வாயால்' என்று எழுதியிருந்தார். படிவம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் ஸ்டாங் அம்மாள் ஒரு நற்செய்தியோடு வந்தார். டெல்ஃபோரின் நிரலைச் சரிபார்ப்பானிடம் கொடுத்தாராம். பச்சை. ஒரு குறையும் இல்லை.

"எப்படிக் குறை இல்லாம போகும்?" என்றார் டெல்ஃபோர்.

"சீட்டுல 'பெயர்களின் வரிசை'ன்னு இருக்கு. நீங்க குடுத்தது ஒரு பெயர். பெயர்ங்கறது என்ன? எழுத்துகளோட வரிசை. பைத்தான்ல ஒத்தை எழுத்தும் ஒரு பெயர்தான். ஆக, நீங்க குடுத்தது பெயர்களின் வரிசை. எவ்வளவு அழகு பாருங்க!"

"அழகுதான் டாக்டர். ஆனா பி-ன்னு ஒரு ஊரே இல்லையே."

லார்ரால்தே குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். பெரிய முடிவு எடுக்கும்போது அவர் எழுந்து நிற்பார்.

"குறிப்பு சரி. சரிபார்ப்பான் பச்சை. நிரலும் சரி. அப்போ குறை எங்க இருக்கு? ஆத்துல இருக்கு! பி, ஏ, எஸ், ஓன்னு நிலையம் இருக்க வேண்டிய இடத்துல நிலையம் இல்லை. இது நீர்வளத்துறையோட அலட்சியம். உடனே கடிதம் போகட்டும். பத்து நிலையம் நிறுவணும்."

"ஓ மூணு தடவை வருது இன்ஜினியர். எட்டு போதும்" என்றார் டாக்டர் ஸ்டாங் அம்மாள். நாட்டின் செலவில் அக்கறை உள்ளவர்.

"வழிமொழிகிறேன்."

டெல்ஃபோர் என்னைப் பார்த்தார். நான் மினிட் புத்தகத்தைப் பார்த்தேன்.

வாரியம் அனுப்பிய கடிதங்களிலேயே இந்த ஒன்றுக்குத்தான் ஒன்பது நாளில் பதில் வந்தது. எழுத்துகளுக்கு நிலையம் அமைப்பது பரிசீலனையில் உள்ளது. இடைவெளிக்கு உடனே அமைக்கலாம், ஏனென்றால் பெயின்டர் ஓய்வுபெற்றுவிட்டதால் எண் எழுதப்படாத அளவுகோல் ஒன்று கிடங்கில் கிடக்கிறது என்று நீர்வளத்துறை எழுதியிருந்தது. வெறுமையைக் குறிக்கும் நிலையத்துக்கு வெறுமையான அளவுகோல் பொருத்தம்தானே என்று கடைசியில் ஒரு வரி. கிண்டலாக எழுதினார்களா உண்மையாகவே எழுதினார்களா என்று என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே, படித்துறை ஓரத்தில் அதை நட்டார்கள். நாலு மீட்டர் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பலகை. கோடு இல்லை, எண் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு வந்து நாட்டுப்பண் வாசித்தது. லார்ரால்தே ரிப்பன் வெட்டி, இனி இந்தக் கரையில் வகைப்படுத்தப்படாத வெறுமை என்று ஒன்று கிடையாது என்று பேசினார். ஜனங்கள் கை தட்டினார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இந்தப் பலகைக்குக் கணுக்கால் தண்ணீரிலேயே இரண்டும் தெரியாது.

அக்டோபர் மூன்றாவது வாரம் வடக்கே மூன்று நாள் விடாமல் மழை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெல்ஃபோர் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்தார். உள்ளே கூட்டம் ஆரம்பமாகியிருந்தது. தாழ்வாரத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார். என் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'டோன்யா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"டோன்யா இர்மா, பாஸோ ஓன்டோலேருந்து என் மச்சான் இப்பதான் போன் பண்ணான். எட்டு மீட்டராம் அங்க. பெட்டியில பாத்தேன். ஆபத்து இல்லேங்குது."

"தெருவுல சொன்னியா?"

"வீடு வீடாப் போனேன். யாரும் அசைய மாட்டேங்கறாங்க. 'சைரன் அடிக்கலியே ஒல்லி, ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஆள் புடிக்கறியா?'ங்கறான் பக்கத்து வீட்டுக்காரன். வீட்டைப் பூட்டிட்டுப் போனா திருடன் வருவான்னு பயம் அவங்களுக்கு. சைரன் அடிச்சாத்தான் போலீஸ் தெருமுனையில காவலுக்கு நிக்கும். அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

"முத்திரையை உடைச்சுட வேண்டியதுதானே? என்ன மாத்தணும் உள்ள?"

"ரெண்டு அடைப்புக்குறி. பேருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அப்போ ஒரே பேரு இருக்கற பட்டியல் ஆயிடும். பத்து செகண்ட் வேலை. ஆனா தீயணைப்புப் படைக் கேப்டன் ஒஃபேலியா பெட்டி பக்கத்துலயே நிக்கறாங்க. 'தீர்மானம் இல்லாம முத்திரை உடைஞ்சா படையையே கலைச்சுடுவாங்க, நாளைக்கு ஊர்ல தீப்பிடிச்சா நீயா வருவே? ஒரு காகிதம் கொண்டா, நானே உடைச்சுத் தரேன்'ங்கறாங்க. காகிதம் வேணும் டோன்யா இர்மா."

உள்ளே அழைத்துப் போனேன். அன்றைய பொருள், 'நிலையம்போன்றது' என்ற புதிய வகை. நிலையமாகவும் இருக்கலாம், நிலையமாக மாறக்கூடியதாகவும் இருக்கலாம், நிலையம்போல் நடந்துகொள்வதாகவும் இருக்கலாம். வாத்துபோல் நடப்பதெல்லாம் வாத்துதான் என்பது பைத்தான்காரர்களின் பழமொழி. ஒரு வாத்து நிலையம்போல் நடந்துகொண்டால் அதை ஏற்பதா என்பதில் டாக்டர் ஸ்டாங் அம்மாளுக்கும் லார்ரால்தேக்கும் கருத்து வேறுபாடு. டெல்ஃபோர் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

"இன்ஜினியர், எட்டு மீட்டர். சாயங்காலத்துக்குள்ள தண்ணி இங்க வந்துடும். அறுபத்துமூணு குடும்பம். பெட்டியைத் திறக்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

லார்ரால்தே எழுந்தார். குடுவை கையில்.

"குஸ்மான், உங்க உணர்ச்சி புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஜனங்க வெள்ளத்துல செத்தா அது இயற்கை. தப்பான வகைக்குறிப்போட பிழைச்சுட்டா அது நம்ம தலையில விடியும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், 'எந்த வகையை நம்பி இந்த ஜனங்களைக் காப்பாத்தினீங்க?'ன்னு. நான் என்ன பதில் சொல்றது? இந்த லைப்ரரி யாருக்கெல்லாம் பயன்படுதுங்கறது எனக்குக் கவலை இல்லை. யாரும் தப்பாப் பயன்படுத்திடக் கூடாதுங்கறதுதான் கவலை. யாருமே பயன்படுத்தலேன்னா தப்பே நடக்காது. அந்த உயர்ந்த நிலையை நோக்கித்தான் நான் முப்பது வருஷமா..."

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணமாக எனக்குக் கோபம் வராது. பதினேழு வருஷம் மாத்தே ஊற்றினவளுக்கு என்ன கோபம் வரும்? ஆனால் டெல்ஃபோரின் பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஒரு சிறு குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மினிட் புத்தகத்தைத் திறந்தேன். தீர்மானம் எண் 152 என்று எழுதினேன். தீயணைப்புப் படையின் எச்சரிக்கைப் பெட்டியைத் திறக்கவும், நிரலில் இரண்டு அடைப்புக்குறிகள் சேர்க்கவும், டெல்ஃபோர் குஸ்மானுக்கு இக்குழு ஒருமனதாக அனுமதி வழங்குகிறது. அவசரத்தில் 'ஒருமனதாக' கொஞ்சம் கோணிப்போயிற்று. புத்தகத்தை நகர்த்தி வைத்தேன். வில்யால்பா போட்டார். டாக்டர் ஸ்டாங் அம்மாள் வாத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே போட்டார். லார்ரால்தேயின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கையில் குடுவை, மறுகையால் காற்றில் ஏதோ வட்டம் வரைந்துகொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை, கை கீழே இறங்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஓடியது. நான் பேனாவை நீட்டியபடியே நின்றேன்.

அப்போதுதான் டெல்ஃபோர் மேசைக்கருகே வந்தார்.

"இன்ஜினியர், அது மைக் இல்ல. குடிச்சுட்டுக் குடுங்க" என்றார்.

வில்யால்பா வாயைத் திறந்தவர் வழிமொழியாமலே மூடிக்கொண்டார். லார்ரால்தேயின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் குழந்தையின் முகம்போல் ஆனது. பச்சைத் தண்ணீராகப் போன மாத்தேயை ஒரே உறிஞ்சில் சர்ரென்று குடித்தார். குடுவையை என்னிடம் கொடுத்தார். கை காலியாயிற்று. காலியான கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே பேனா இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

தாளைக் கிழித்து, முத்திரை குத்தி, முத்திரை வெட்டும் இடுக்கியோடு டெல்ஃபோரிடம் கொடுத்தேன். அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

பத்தேகாலுக்குச் சைரன் அடித்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆற்றோரத் தெருக்களில் கதவுகள் திறந்தன. கட்டில், மெத்தை, கோழிக்கூடு, சின்னப் பிள்ளைகள், ஃப்ரிட்ஜுகள் என்று வரிசையாக மேட்டை நோக்கிப் போவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பார்த்தபோது அழுதேன். அதை மினிட் புத்தகத்தில் எழுதவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் லார்ரால்தே.

"சைரன், இன்ஜினியர். நாமளும் கெளம்பணும்" என்றேன்.

அவர் சுவரிலிருந்த வாரியத்தின் திரையைப் பார்த்தார். எங்கள் திரையும் எங்கள் லைப்ரரியைக் கேட்டுத்தான் சொல்கிறது. பச்சை. ஆபத்து இல்லை. "திரை சரியாத்தான் இருக்கு. சைரன்தான் தப்பு. அடுத்த கூட்டத்துல விசாரிக்கலாம். உட்காருங்க இர்மா."

வாத்து விவகாரம் சாயங்காலம் நாலு மணிவரை நீடித்தது. அகலப்படுத்திய வாசல் வழியாகத் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்தது.

"தண்ணி!" என்று கத்தினார் டாக்டர் ஸ்டாங் அம்மாள்.

"வழிமொழிகிறேன்" என்றார் வில்யால்பா, நாற்காலிமேல் ஏறிக்கொண்டே.

மேசைமேல் நின்றபடிதான் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. வெள்ளத்தில் அவசரப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருத்து வேறுபாடுகள் சட்டென்று தீர்ந்துபோயின. பதினோரு மாதம், நாற்பத்தொரு கூட்டம், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கைக்குப் பிறகு 'உயரம்' செயற்கூறு எந்த வகைப் பொருளை ஏற்கலாம் என்று ஒருமனதாக முடிவானது. பைத்தானில் 'எதுவும்' என்றே ஒரு வகை உண்டு. எதைக் கொடுத்தாலும் சரி என்று பொருள். அந்தச் சீட்டை ஒட்டினார்கள். குழு தோன்றுவதற்கு முன் அந்தச் செயற்கூறு அப்படித்தான் இருந்தது, அந்த ஒரு வரியோடு. வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எங்கள் துறை இல்லை.

கேப்டன் ஒஃபேலியா படகோடு வந்து எங்களை ஜன்னல் வழியாக இறக்கினாள். அந்த வெள்ளத்தில் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடைசியாக மீட்கப்பட்டவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

இரண்டு வாரம் கழித்துச் சேறு கழுவிய அறையில் விசாரணை. முத்திரையை உடைத்த குற்றத்துக்கு டெல்ஃபோரை நிற்கவைத்து, யார் அனுமதி கொடுத்தது என்று லார்ரால்தே உறுமினார். தாளைப் படிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். படித்தேன். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் படித்தேன். லார்ரால்தேக்கு இருமல் வந்தது. தான் என்ன கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாது என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? அப்படிச் சொன்னால் எண் 88-லிருந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டி வரும்.

"ஆமா, அனுமதி குடுத்தோம்" என்றார் கடைசியில். "அந்த நெருக்கடியில, ஜனங்களோட உயிர்தான் முக்கியம்னு இந்தக் குழு தொலைநோக்கோட முடிவெடுத்துச்சு. அதுக்காக யாரும் எங்களைப் பாராட்டணும்னு நாங்க எதிர்பார்க்கலை. ஒரு பித்தளைப் பட்டயம் போதும்."

பட்டயம் அடுத்த மாதம் வந்தது. ஊரைக் காத்த குழு என்று மூவரின் பெயரும் பொறித்து, அந்த வெள்ளை அளவுகோலிலேயே திருகி மாட்டினார்கள். மறுபடியும் வாத்தியக் குழு, மறுபடியும் நாட்டுப்பண். அளவுகோலில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு மார்பளவு உயரத்தில் இருந்தது. விழா முடிந்து எல்லோரும் போனபின் டெல்ஃபோர் திருப்புளியை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே ஆழமாகக் கீறி, தேதியையும் எழுதினார். அந்தப் பலகையில் இருக்கிற ஒரே அளவு இன்றைக்கும் அதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெள்ளத்துக்கு அடுத்த வியாழனே விடியற்காலையில், வழக்கம்போல், பெட்டிக்குள் எல்லாம் புதிதாக இறங்கியது. டெல்ஃபோர் போட்ட இரண்டு அடைப்புக்குறிகளும் போய்விட்டன. சீட்டில் 'எதுவும்' என்று இருந்தது, செயற்கூறு பத்து எழுத்து நிலையங்களைத் தேடிக்கொண்டிருந்தது, திரை பச்சை. அன்று காலையிலேயே டெல்ஃபோர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் புத்தகத்தைத் திறந்து தீர்மானம் எண் 153 என்று எழுதினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் இதுதான். நான் எழுதுகிறேன், மூவரும் போடுகிறார்கள், டெல்ஃபோர் இடுக்கியோடு மேட்டுக்குப் போகிறார், கேப்டன் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். போன வாரம் எண் 207. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே டெல்ஃபோர் கேட்டார்.

"டோன்யா இர்மா, என்னிக்காவது ஒருநாள் அவங்க படிச்சுட்டா?"

"படிக்க மாட்டாங்க ஒல்லி. அவங்க எழுதறதைப் பைத்தான் படிக்காது. நான் எழுதறதை அவங்க படிக்க மாட்டாங்க. இந்த ஊர் பொழைச்சுக் கெடக்கறதே அதுலதான். மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் போ."